எலுமிச்சை அழகி

இரவு விளக்குப் போட்டுக் கட்டிய வெள்ளைத் துணியில் அந்துப்பூச்சிகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. கடிகாரம் பழுதுபார்க்கும் லென்ஸைக் கண்ணில் செருகி, தம்பி அவற்றை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டிருந்தான்.

அந்துப்பூச்சியில் அவனை அடிக்க ஆளில்லை. வண்ணத்துப்பூச்சியில்தான் கோட்டை விடுகிறான்.

எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சி யார் வீட்டுச் செடியில் முதலில் கூடு விட்டு வருகிறதோ, அவர் பெயர்தான் வட்டாரப் பூச்சி ஆர்வலர்களின் பதிவேட்டில் ஏறும். வருடா வருடம் பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் மருந்துக்கடைக்காரர் பெயரே ஏறியது.

தம்பி இதற்காகவே எலுமிச்சை வைத்தான். முட்டை வந்தது, புழு வந்தது. அப்புறம் பார்த்தால் மருந்துக்குக்கூட ஒன்று இருக்காது.

"தையல்சிட்டோட வேலைதான், அக்கா."

தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த அக்கா நிமிரவில்லை. "இருக்கும்டா."

கேட் சத்தம் கேட்டது. அவள் கால் நின்றது.

மருந்துக்கடைக்காரர் தலையைப் படிய வாரியிருந்தார். கையில் போன். போனில், அவர் விரல்மேல் உட்கார்ந்திருந்த எலுமிச்சை அழகி.

"விடிஞ்சதும் இன்னொண்ணு வெளிய வந்துடுச்சுங்க. முதல்ல உங்ககிட்ட காட்டணும்னுதான் வந்தேன்."

தம்பியிடம் சொன்னார். போனை அக்காவிடம் நீட்டினார்.

"உங்க செடிக்கு மட்டும் என்ன சொக்குப்பொடி போடுறீங்க?" என்றான் தம்பி.

"நான் ஒண்ணும் பண்றதில்லைங்க. அதுவா வருது."

அக்கா டீ கொடுத்தாள். ஆறிப்போன பிறகும் அவர் அதை ஊதி ஊதிக் குடித்தார்.

அவர் போனார். தம்பியும் முணுமுணுத்துக்கொண்டே கடைக்குக் கிளம்பினான்.

அக்கா கழுத்திலிருந்த அளவு நாடாவைக் கழற்றி வைத்தாள். பொத்தான் டப்பாவைக் காலி செய்துகொண்டு எலுமிச்சைச் செடிக்குப் போனாள்.

பறவை எச்சம்போல் இலையில் ஒட்டிக்கிடந்த குட்டிப் புழுவை, இலையோடு கிள்ளி டப்பாவில் வைத்தாள். செடியில் வேறு இல்லை. கோடை முடியப்போகிறது. இதை விட்டால் இந்த வருடம் இனி புழு கிடையாது. கேட் சத்தமும் கிடையாது.

இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஓரமாக வாளியைக் கவிழ்த்து ஏறினாள். அவர் வீட்டு எலுமிச்சைத் தொட்டி சுவரிலிருந்து தள்ளி, குழாயடியில் இருக்கும். துணி அளக்கும் நீள ஸ்கேலின் நுனியில் இலையை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நீட்டினால்தான் எட்டும்.

எட்டிப் பார்த்தாள்.

குழாயடியில் தொட்டி இருந்த இடம் வட்டமாக ஈரம் கோத்திருந்தது.

தொட்டி சுவரை ஒட்டி, ஒரு நாற்காலிமேல் ஏறியிருந்தது.

ஸ்கேலைக் கீழே வைத்தாள். கை நீட்டினால் போதும்.