மாடி ஏறாத மாமா

"மாமாவுக்கும் சேர்த்து எடுத்து வைக்காதீங்க உம்மா. அவர் வரமாட்டார்."

முதாசிர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஜஹீரா சஹனைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தாள். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற பெரிய தட்டு அது. புது வருஷம் பிறந்தால் முதாசிரின் வாப்பா காஜா பாயும் கீழ் வீட்டுத் துளசிங்கம் மாமாவும் அதற்கு எதிரெதிரே உட்கார்ந்துவிடுவார்கள். நல்ல கறியாகப் பார்த்து இவர் அவர் பக்கம் தள்ள, அவர் இவர் பக்கம் தள்ள, கடைசியில் அது முதாசிர் வாயில் போய்ச் சேரும்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் அந்த மாடிக்குக் குடிவந்த வருஷத்திலிருந்து இதுதான் வழக்கம். துளசிங்கம் வீட்டுக்காரர், காஜா பாய் குடியிருப்பவர். ஆனால் இரண்டு பேரும் 'மச்சான், மச்சான்' என்று பேசிக்கொள்வதைக் கேட்டால் யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது.

இந்த வருஷம் காஜா பாய் இல்லை. செப்டம்பர் கடைசியில், தாம்பரத்தில் தன் சீட் குஷன் கடையில் உட்கார்ந்திருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவ்வளவுதான். அதனால் வீட்டில் பிரியாணி கிடையாது, அது அவர் கைப்பக்குவம். ஜஹீரா நெய்ச்சோறும் தால்சாவும் மட்டும் செய்திருந்தாள். கேக் இல்லை, புதுத்துணி இல்லை.

"அண்ணன் வருவாங்கடா. எப்படி வராம இருப்பாங்க?"

"எந்த அண்ணன்? வாப்பாவை அடக்கம் பண்ண அன்னைக்குத் தோள் கொடுத்ததோட சரி. அப்புறம் ஒரு நாளாவது மாடி ஏறினாரா? போன வாரம் ஜன்னல்ல நின்னு 'அண்ணே'ன்னு கூப்பிட்டீங்க. தலையைக் குனிஞ்சுக்கிட்டு அந்தப் பக்கமா திரும்பிப் போனாரே, மறந்துட்டீங்களா?"

மறக்கிற விஷயமா அது? அன்று முழுக்க ஜஹீரா சோற்றைத் தொடாமல் அழுதுகொண்டிருந்தாள்.

"வாப்பாவோட உறவும் போச்சு உம்மா. வீட்டைக் காலி பண்ணுங்கன்னு சொல்ல வாய் வரலை. அதான் மூஞ்சியைக் காட்டாம சுத்தறாரு."

"ரெண்டாயிரத்து நாலு வந்தாச்சு மச்சான்! ஹேப்பி நியூ இயர்!"

என்று கத்திக்கொண்டே, முதாசிரோடு வேலை பார்க்கும் அய்மான் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே ஹாலுக்குள் வந்தான். "எப்படி இருக்கீங்க ஆன்ட்டி?"

ஜஹீரா அவசரமாக முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். முதாசிர் டி.வி.யைப் போட்டு, நண்பனுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

மத்தியானம் ஆயிற்று. சோறு ஆறிக்கொண்டிருந்தது. மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டதும் ஜஹீராவின் முகம் மலர்ந்தது. வந்தது துளசிங்கத்தின் மனைவி கங்கையம்மாள் மட்டும்தான்.

"அண்ணன் வரலையாக்கா?"

கங்கையம்மாள் முந்தானையைத் திருகினாள். "அது வந்து... ஒரு தட்டுல போட்டுக் குடேன் ஜஹீரா. நான் கீழ எடுத்துகினு போயி குடுத்துடறேன்."

முதாசிருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏன் மாமி, நாலு படி ஏறினா மாமா கௌரவம் கொறைஞ்சிடுமா? காலி பண்ணணும்னா நேரா சொல்லச் சொல்லுங்க. இருங்க, நானே போய்க் கேக்கறேன்."

"டேய், நில்லுடா!" என்று கங்கையம்மாள் பதறுவதற்குள் அவன் படபடவென்று இறங்கிவிட்டான்.

கடைசிப் படியில் துளசிங்கம் உட்கார்ந்திருந்தார். வெளுத்த வேட்டி, சட்டை, நெற்றியில் விபூதி, மடியில் ஒரு சீப்பு வாழைப்பழம். வருஷா வருஷம் மேலே சாப்பிட எப்படி வருவாரோ, அப்படியே இருந்தார்.

"இன்னாடா, சோறு ஆயிடுச்சா? நெய் வாசன இங்க வரைக்கும் வருது."

முதாசிர் அந்த வாழைப்பழச் சீப்பைப் பார்த்தான். "மேல ஏன் மாமா வரலை?"

"நான் எப்டிடா வர்றது? தங்கச்சி இத்தால கீது. புருசன் பூட்டா நாலு மாசம் பத்து நாள் வெளி ஆம்பள கண்ணுல படக்கூடாதில்ல? உங்க வாப்பாவோட அக்கா இத்தா இருந்தப்ப, தெரியாம உள்ள பூந்துட்டேன். காஜாதான் என்ன வெளிய இட்டாந்து பொறுமையா சொன்னான். அவன் சொன்னத அவன் வூட்லயே நான் மீறலாமா?"

"உம்மா உங்களைக் கூடப்பொறந்த அண்ணனாத்தானே மாமா..."

"அது நெனைக்கும். ஊரு நெனைக்குமா? என்னால தங்கச்சிக்கு ஒரு சொல்லு வந்துடக்கூடாது."

"அதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. உம்மா எவ்ளோ அழுதாங்க தெரியுமா?"

துளசிங்கம் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"சொன்னா, 'பரவால்ல, வாங்கண்ணே'ன்னு அது கூப்ட்டுடும்டா. அன்னிக்கு ஜன்னல்லேர்ந்து கூப்ட்டப்பவே எனுக்குக் கால் நிக்கல."

மேலே ஹாலில் டி.வி.யைப் பார்த்து அய்மான் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவன் வந்ததிலிருந்து உம்மா சமையலறையை விட்டு வெளியே வராதது முதாசிருக்கு அப்போதுதான் உறைத்தது.

மேலே ஓடினான். டி.வி.யை அணைத்தான்.

"அய்மான், எந்திரி. நாம கீழ போய் மாமாவோட படியில உக்காந்து சாப்பிடலாம்" என்று சொல்லி, சஹனைத் தூக்கிக்கொண்டான்.