எட்டு மணி வரை

ஏரிக்கரை இடியத் தொடங்கியதை மாடியிலிருந்து பார்த்ததும், கரைக்குக் கீழே குடியிருக்கும் தங்கை பவளத்தை அழைத்தேன். "ஏரி" என்றதுமே என் குரலை அடக்கிவிட்டு, "இச்செய்தி எங்கள் நிறுவனத்துக்கே உரியது. எட்டு மணிக்குக் காணுங்கள்" என்றது போன். டி.வி.யும் போனும் ஒரே நிறுவனம்.

மறுபடி அழைத்து, "அம்மாவுக்கு இழுத்துக்கிட்டிருக்கு. பிள்ளைங்களோட ஒடனே வா" என்றேன்.

"காலையிலகூட நல்லா பேசுச்சேக்கா?"

முறுக்கு தின்றுகொண்டிருந்த அம்மா என்னை முறைத்தாள். பிறகு போனை வாங்கி நன்றாகவே முனகினாள்.

அழுதுகொண்டு வந்த பவளம் அம்மாவைப் பார்த்ததும் கத்தினாள். கரையைக் காட்டியதும் உட்கார்ந்துவிட்டாள்.

"ஊருக்குக் கெளம்புன எதிர்வீட்டு கிளாராவ நிறுத்தி, எங்க வீட்டுல படுத்துக்கச் சொல்லிட்டு வந்தேன்க்கா."

மணி ஏழரை. கிளாராவின் எண்ணை அழுத்தினேன். முனகுவதற்குத் தயாராக அம்மா கை நீட்டினாள்.

கிளாராவுக்கு அம்மா கிடையாது.