கப்பலுக்கு நங்கூரம்

“தச்சனுக்கு உளி எண்டால், உழவனுக்கு?”

“கலப்பை.”

“கெட்டிக்காரி! கப்பலுக்கு நங்கூரம் எண்டால், பஸ்ஸுக்கு?”

சிறைச்சாலைக் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்று மகளைக் கேட்டார் கதிர்காமநாதன். வெள்ளவத்தைச் சுற்றிவளைப்பில் பிடிபட்ட மனிசன்; வழக்கும் இல்லை, விடுதலையும் இல்லை.

“சில்லு,” என்று சக்கரத்தைச் சொன்னாள் மயூரி.

பக்கத்தில் நின்ற தாய் நேசமலருக்குப் பொறுக்கவில்லை. போன கிழமை பார்க்க வந்தபோதும் இவள் கடைசிக் கேள்வியில்தான் சறுக்கினாள்.

“அவசரப்படாதை பிள்ளை. நங்கூரம் கப்பலை என்ன செய்யுது? முதல்ல அந்தத் தொடர்பைப் பிடி. பிறகு பஸ்ஸுக்குப் போ.”

மயூரி யோசித்தாள். “சத்தம் போடுற ஹோன்?”

அவர் தலையில் அடித்துக்கொண்டார். “இப்பிடிப் போனால் புலமைப்பரிசில் சோதனை எப்பிடிப் பாஸ் பண்ணுவாய்? எப்ப வைக்கினமாம்?”

“திரும்பவும் தள்ளிப் போட்டிட்டினம் அப்பா. நாட்டுப் பிரச்சினையாலயாம்.”

“அதுவும் நல்லதுக்குத்தான். வாற கிழமைக்கிடையில உனக்கு விளங்கிற மாதிரி ஒரு வழி யோசிச்சு வைக்கிறன்.” வாடிக் கிடந்த முகத்தில் அப்போதுதான் ஒரு களை வந்தது.

நேரம் முடிந்ததென்று காவலாளி சிங்களத்தில் கத்தினான்.

கொட்டாஞ்சேனைக்குத் திரும்பும் பஸ்ஸில், மகளின் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள் நேசமலர்: “பஸ்ஸுக்கு என்ன?”

“பிரேக்.”

“பிறகேன் அப்பாட்டப் பிழையாச் சொன்னனீ? சோதனை முடிஞ்சு, பள்ளிக்கூடத்திலயே முதலாவதா வந்திட்டாய். அதைச் சொன்னால் அந்த மனிசன் எவ்வளவு சந்தோசப்படும்!”

மயூரி யன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

“ஒருநாள் சந்தோசப்படுவார் அம்மா. பிறகு கிழமை முழுக்க உள்ளுக்க இருந்து எதை யோசிப்பார்?”