ஒன்பது மரம்

“ஒம்பதே மரம்தாம்ல!”

பேச்சிராஜ் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு இன்னொரு முறை எண்ணினான். அறுபது பப்பாளி மரங்களில் ஒன்பதில்தான் சிவப்புத் துணி கட்டியிருந்தது. பன்னிரண்டு மணி நேரம் நின்றே நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்தவனுக்கு ஒன்பது என்பது எவ்வளவு அருமையான எண் என்று, உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவர்களுக்குச் சொன்னால் புரியாது.

“நாள் பூரா இழுக்கும்னு வீட்டுக்காரம்மா சொன்னப்பம் இன்னைக்குத் தூக்கம் போச்சுன்னுல்லா நெனச்சேன். ஒரு மணி நேர சோலிதான். முடிச்சிட்டுப் போய்ப் படுப்போம், வால” என்றான் நம்பிராஜன்.

இருவருக்கும் ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஒரே லைனில் வேலை. வல்லம் வடகாலில் சவரியம்மாள் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தார்கள்.

போன மாதம் பேச்சிராஜுக்கு டெங்கு வந்தபோது வேளாவேளைக்குக் கஞ்சி கொடுத்தது சவரியம்மாள்தான். செபஸ்தியார் கோயிலில் மந்திரித்த எண்ணெயை அவன் நெற்றியில் தடவியதோடு, நம்பிராஜனையும் விடவில்லை. “உனுக்கும் வெச்சுக்கோப்பா. இவன் நோவு உன்னாண்ட வராது” என்று அவனுக்கும் தடவினாள்.

இப்போது அவளுடைய பப்பாளிக்கு நோய். வளையப்புள்ளி வைரஸ் என்றார் தோட்டக்கலை ஆபீசர். இதற்கு மருந்து கிடையாது, நோய் கண்ட மரத்தை வேரோடு எடுத்தால்தான் நல்ல மரம் தப்பிக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். சுற்றிலும் கம்பெனிச் சுவர். நடுவில் இந்தப் பத்து சென்ட்தான் அவளுக்குச் சோறு போடுகிறது. தப்பிக்கிற மரத்திலிருந்து விதை எடுத்து மறுபடி போட வேண்டும், அதுவும் போனால் இடத்தை விற்றுவிட்டுப் போக வேண்டியதுதான் என்று நேற்று சாயங்காலம் இவர்களிடம் சொன்னாள்.

“நாளைக்குக் காலைல நான் பூசைக்குப் போய்டுவேம்பா. மரத்துக்குத் துணி கட்டிக்கீறேன். பாத்து எடுங்க” என்று சொல்லியிருந்தாள்.

முதல் மரம் இரண்டு அரிவாள் வெட்டில் சாய்ந்தது. வெட்டுவாயில் பால் வடிந்தது. காய்கள் குலையாக உருண்டன. பேச்சிராஜ் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“ஏல, காய் நல்லா பளபளன்னுல்லா இருக்கு?”

“உள்ள என்ன கெடக்குன்னு நீ கண்டியா? லைன்ல செவப்பு டேக் போட்ட பீஸு பாக்கப் பளபளன்னுதான் இருக்கும். எடுத்து மறுபடி பாத்துட்டா இருப்ப? ரிஜெக்ட் டப்பால போட்டுட்டு அடுத்ததுக்குப் போவல்ல?”

அது சரிதான். மூன்று வருடமாக இருவரும் நாளெல்லாம் செய்கிற வேலையே அதுதான்.

“அப்பம் அந்தா மஞ்சளா நிக்கிறதெல்லாம்?”

“வெயிலு. போதாததுக்கு லாரிப் புழுதி. டேக் இருக்கா? இல்லல்லா? அப்பம் ஓகே பீஸு. வாயாடாம வெட்டுல, கண்ணு சொக்குது.”

பேச்சிராஜ் அடுத்த மரத்துக்குப் போனான். அவனுக்கும் கண் சொக்கியது. ஒன்பது மரத்தையும் சாய்த்து, வேரைக் கிளறி எடுத்து, வேலியோரம் இழுத்துப் போட்டார்கள். துணிகளை மட்டும் அவிழ்த்து, மடித்து, ஒரு கல்லுக்கு அடியில் வைத்தான் நம்பிராஜன். ஒன்பது டேக், ஒன்பது பீஸ். கணக்கு சுத்தமாக இருந்தது.

ஷேர் ஆட்டோவிலிருந்து சவரியம்மாள் இறங்கினாள். ஒரு கையில் ஜெபமாலை, இன்னொரு கையில் இட்லிப் பொட்டலம்.

“இன்னாப்பா, தூங்காமயே நிக்கிறீங்க? துன்னுட்டு ரெண்டு மணி நேரம் படுங்க. அப்பால மெதுவா ஆரம்பிக்கலாம்.”

“எல்லாம் முடிஞ்சிட்டு யம்மா!” நம்பிராஜனுக்குப் பெருமை தாங்கவில்லை. “செவப்புத் துணி கட்டுன ஒம்பதையும் வேரோட எடுத்தாச்சு. இனி உங்க தோப்புல நோயே கிடையாது.”

சவரியம்மாள் வேலியோரம் பார்த்தாள். பிறகு, இலை மஞ்சளோடி நிற்கிற ஐம்பத்தொரு மரங்களைப் பார்த்தாள். இட்லிப் பொட்டலத்தை வைக்க இடம் தேடி, கடைசியில் தரையிலேயே வைத்தாள். கல்லுக்கு அடியில் இருந்த துணிகளை எடுத்து மண்ணைத் தட்டினாள்.

“நோவு அண்டாம இருக்க, நல்லா கீற மரத்துக்குத்தாம்பா செபஸ்தியார் கோயில் துணி கட்னேன்.”