ஒரே ஒரு குலவை

“ஒரே ஒரு குலவைம்மா! அதுக்குப் போய் இவ்ளோ பிகு பண்றியே!”

ரபாப் கெஞ்சினாள். அவள் அம்மா சுஹைர் முலுகியா கீரையை நறுக்குவதை நிறுத்தவே இல்லை.

“கல்யாண வீட்டுல ஷர்பத்தாவது குடுப்பாங்க. உங்க காலேஜ்ல என்னடி தருவாங்க?”

“கைதட்டல் தருவோம். குலவையை செல்போன்ல பதிவு பண்ணிப் போட்டுப் பார்த்தோம்மா, கெட்டில் கொதிக்கிற மாதிரி இருக்கு. எங்க நாட்டிய நாடகத்துல மணப்பொண்ணு ஆடிக்கிட்டே மேடைக்கு வரும்போது நீ ஆரம்பிச்சு வை. மத்த பொம்பளைங்க பிடிச்சுக்குவாங்க.”

அதில் பொய் இல்லை. அலெக்சாந்திரியாவில் அவர்கள் தெருவில் சுஹைர் குலவையிட்டால், யார் வீட்டில் விசேஷம் என்று முக்குக்கடை ரொட்டிக்காரர் எட்டிப் பார்ப்பார். அதைக் கேட்ட எந்தப் பெண்ணுக்கும் நாக்கு சும்மா இருக்காது.

“அப்படி என்ன கதைடி ஆடறீங்க?”

“கட்டிக்கிட்டவன் போட்டு அடிக்கிறான். தாங்கித் தாங்கிப் பார்த்துட்டு, கடைசியில மோதிரத்தைக் கழட்டி வச்சுட்டு அவ வெளியே போயிடறா.”

கத்தி நின்றது. “எங்கேர்ந்து பிடிச்சே இதை?”

ரபாப் கண்ணாலேயே உள்ளறையைக் காட்டினாள். அங்கே அக்கா நெர்மின் படுத்திருந்தாள். புருஷன் கைநீட்டுகிறான் என்று வந்து ஒரு மாதமாகிறது. நாளைக்கு அவன் அழைத்துப்போக வருகிறான்.

“அவளை அனுப்பாதேம்மா.”

“நீ உன் ஆட்டத்தை மட்டும் பாரு. எந்த வீட்டுலதான் சண்டை இல்ல? போக வேண்டியவ போய்த்தான் ஆகணும். குலவைதானே, போட்டுத் தொலைக்கிறேன்.”

மாலையில் அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் சுஹைரும் நெர்மினும் பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தார்கள்.

மேளம் முழங்க, மணப்பெண் ஆடியபடி வந்தாள். மேடை ஓரத்திலிருந்து ரபாப் கை காட்டினாள். சுஹைர் வாயைத் திறக்கவில்லை. மேளக்காரன் அதே தாளத்தை மறுபடி அடித்தான். மணப்பெண் இன்னொரு சுற்று வந்து ரபாபை முறைத்தாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

ரபாபுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் தொண்டை கிழியக் குலவையிடுகிறவள், பெற்ற மகள் கேட்டால் கற்சிலையாய் உட்கார்ந்திருக்கிறாளே!

ஆட்டம் தொடர்ந்தது. அடி விழுந்தது, மணப்பெண் விழுந்தாள், எழுந்தாள். விதை கொறிக்கும் சத்தம் அடங்கிவிட்டது. கடைசியில் அவள் மோதிரத்தைக் கழற்றித் தரையில் வைத்தாள். மேளமும் நின்றது. மேடையை விட்டு இறங்கி, கூட்டத்தின் நடுவே வாசலை நோக்கி நடந்தாள்.

அப்போது கிளம்பியது குலவை. சுஹைர் எழுந்து நின்றிருந்தாள். ஒவ்வொரு வரிசையாகப் பெண்கள் சேர்ந்துகொள்ள, கூரை அதிர்ந்தது.

விளக்கு எரிந்ததும் ரபாப் ஓடிவந்தாள். “அம்மா! மானத்தை வாங்கிட்டியே! அங்க சத்தமே வரக்கூடாது! கல்யாணத்துல போடச் சொன்னா, அவ வெளியே போறப்போ போடறியே? தப்பான இடத்துல போட்டுட்டியேம்மா!”

சுஹைர் மூத்தவளின் கையை இறுகப் பிடித்திருந்தாள்.

“நாளைக்கு அவன் வந்தா வெறுங்கையோட திரும்பிப் போகட்டும். நான் தப்பான இடத்துல குலவை போட்டது இன்னிக்கு இல்லடி, இவ கல்யாணத்துல.”