விடுங்க

"காலையில என்னண்ணே சாப்பிட்டீக?"

பக்கத்து சீட்டில் ஏறியபடியே காளிராஜ் கேட்டான். ரேஸ் தளத்தில் முதல் தடவை ஓட்டுகிறவர்களுக்கு அவன்தான் பயிற்சியாளன். வயிறு நிறைந்திருந்தால் வளைவில் குமட்டும் என்றான்.

சிவபிரகாஷ் யோசித்தான். எழுந்தது, மோட்டார் போட்டுத் தொட்டி நிரப்பியது, பால் காய்ச்சியது, குளித்தது, மானகிரி வீட்டைப் பூட்டியது எல்லாம் நினைவிருந்தது. சாப்பிட்டது நினைவில்லை.

"பால்" என்றான்.

சாய்ந்து கிடந்த சீட்டைக் காளிராஜ் பட்டென்று நிமிர்த்தினான். "படுத்துக்கிட்டா வாராக இதுல?" என்று சிரித்தான். மனைவி கீர்த்தி இறந்ததிலிருந்து அந்தச் சீட்டைச் சிவபிரகாஷ் தொட்டதே இல்லை.

போர்க்காலத்தில் போட்ட பழைய விமான ஓடுதளம் அது. ஞாயிற்றுக்கிழமைக்கென்று கூம்புகளை வைத்து வளைவுகள் அமைத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டலாம். செம்மண் தூசிக்குப் பயந்து கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டார்கள். ஹெல்மெட்டுக்குள் வியர்த்தது.

நேர்ப்பாதை வந்ததும் காளிராஜ் சொன்னான். "விடுங்க."

சிவபிரகாஷின் கால் ஆக்சிலரேட்டரிலிருந்து எழும்பியது. கார் துவண்டது.

"என்னண்ணே, விடுங்கன்னா கால எடுக்கிறீக? வண்டிய விடுங்கன்னேன்."

அடுத்த சுற்றிலும் அதேதான் நடந்தது. இனி 'மிதிங்க' என்றே சொல்லித் தொலைக்கிறேன் என்று காளிராஜ் சலித்துக்கொண்டான். வேண்டாம், 'விடுங்க' என்றே சொல்லும்படி சிவபிரகாஷ் கேட்டுக்கொண்டான்.

அன்றைக்கு இதே சீட்டில் மூச்சிரைக்கக் கிடந்த கீர்த்தியை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் அவள் கை. மேலூர் தாண்டி, பக்கத்தில் வந்த லாரியின் ஹாரன் ஓய்ந்தபோது அவள் சொன்னதில் கடைசி வார்த்தைதான் காதில் விழுந்தது. விடுங்க.

போதும், என்னை விட்டுவிடுங்கள் என்கிறாள் என்று நினைத்தான். காரை ஓரங்கட்டி, அவளை மடியில் போட்டுக்கொண்டு அழுதான். கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாமே என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

"வண்டிய விடுங்கன்னுதான் எம் மக சொல்லிருக்கா. நீங்க நிப்பாட்டிட்டீகளே மாப்பிள்ள" என்றாள் மாமியார். அதன் பிறகு அவள் அவனோடு பேசவில்லை.

விட்டுவிடச் சொன்னாளா, ஓட்டச் சொன்னாளா? அவனுக்கு அது தெரிந்தாக வேண்டும். அன்று ஓட்டியிருக்க வேண்டிய வேகத்தில் ஒரு முறையாவது ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று ஏனோ தோன்றியது.

கடைசிச் சுற்று.

"விடுங்க" என்றான் காளிராஜ்.

மிதித்தான். எஞ்சின் அலறியது. கூம்புகள் ஒரே கோடாயின. ஓடுதளத்தின் முடிவிலிருந்த கருவேலங்காடு எழுந்து எதிரே வந்தது. கியரிலிருந்த அவன் இடது கையை விரல்கள் இறுகப் பற்றின. காளிராஜ்தான் பயந்துபோய்ப் பிடித்துக்கொண்டான் போல என்று ஓரக்கண்ணால் பார்த்தான். காளிராஜின் இரண்டு கைகளும் டேஷ்போர்டின் மேல் இருந்தன.

அதில் ஒரு கை கதவுக்குப் போய்க் கண்ணாடிப் பொத்தானை அழுத்தியது. காற்றும் தூசியும் உள்ளே பாய்ந்தன. சிவபிரகாஷ் பிரேக்கை அழுத்திக் காரை நிறுத்தினான்.

"ஏன் எறக்குனீக?"

"நீங்கதானண்ணே சொன்னீக."

"நான் வாயே தொறக்கலை. என்ன கேட்டுச்சு உங்களுக்கு?"

காளிராஜ் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"மூச்சு முட்டுது, கண்ணாடிய எறக்கி விடுங்க."