கடைசி இடத்தில் ஆமை

"இந்த க்விஸ் கேம் இன்னையோட போதும். நாளையிலேர்ந்து பழையபடி போர்டுதான்."

டீச்சர் சொன்னதும் வகுப்பு முழுக்க முணுமுணுப்பு.

"வேணாம் டீச்சர். போர்டுல எழுதிப் போட்டா இங்கிலீஷ் வார்த்தைன்னாலே தூக்கம் வருது."

"டேப்லட்ல ஆடும்போதுதான் டீச்சர் மனசுல நிக்குது."

"தப்பா அழுத்தினாலும் யாரும் சிரிக்கிறதில்ல. யாருன்னே தெரியாதே."

டீச்சரை உறுத்தியதே அதுதான். முதல் நாள் எல்லோரும் சொந்தப் பெயரில் ஆடினார்கள். நடுவருஷத்தில் வந்து சேர்ந்ததால் 'புதுசு' என்று எல்லோரும் கூப்பிடும் சின்னப் பெண் கடைசியாக வந்தாள். திரையில் தன் பெயரைப் பார்த்ததும் மேசையில் கவிழ்ந்து அழுதாள். மறுநாளே பட்டப்பெயர் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் டீச்சர். புலி, ராக்கெட், சூறாவளி என்று ஆளுக்கொன்று வைத்துக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து தினமும் கடைசியில் நிற்பது 'ஆமை'. அதுவும் சைபர் வாங்கி! கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினால்கூட ஒன்றிரண்டு தேறுமே. இந்த ஆமையோ குடைக்கு ஆங்கிலம் கேட்டால் 'ஸ்பூன்' என்று அழுத்துகிறது. பாவம், அந்தக் குழந்தை இன்னும் எத்தனை நாள் இப்படிக் கூனிக் குறுகும்? நினைத்தாலே டீச்சருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மணி அடித்ததும் எல்லோரும் கிளம்ப, புதுசை மட்டும் நிறுத்தினார்.

"இங்க வாம்மா. ஆமை நீதானே? டீச்சர் திட்ட மாட்டேன்."

"நான் இல்ல டீச்சர்."

"என்கிட்ட மறைக்காத கண்ணு. கடைசியா வர்றது ஒண்ணும் குத்தமில்ல."

"நிஜமா நான் இல்ல டீச்சர். நான் மின்னல். இன்னிக்கு ஏழாவதா வந்தேன்."

"அப்போ ஆமை யாரு?"

புதுசு கதவுப் பக்கம் பார்த்தாள். வெளியே பையும் கையுமாக மொத்தக் கூட்டமும் அவளுக்காகக் காத்திருந்தது.

"இன்னிக்கு க்ளாஸ் லீடர். நேத்து கடைசி பெஞ்சு நெட்டையன்." குரலைத் தணித்துக்கொண்டாள். "யாராவது கடைசியா வந்துதானே ஆகணும்? அதான் நான் அழுத மறுநாளே எல்லாரும் முறை வெச்சுக்கிட்டாங்க. ஆமையா வர்றவங்க வேணும்னே எல்லாத்தையும் தப்பா அழுத்தணும்."

டீச்சர் கதவுக்கு வெளியே நின்ற கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னை மட்டும் சேர்த்துக்கவே இல்ல டீச்சர். கெஞ்சிக் கெஞ்சி இப்பதான் சரின்னாங்க." புதுசு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு நான்தான் ஆமை. நாளைக்கு ஒரு நாளாவது கேம் வைங்க டீச்சர்."